டைமரை மறந்தது நான்தான்

அன்பு ஜெனிக்கு,

வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் 'அண்ணிக்கு' என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். பேர் சொல்லி எழுதியதை அம்மா பார்த்தால் இன்றைக்கும் திட்டு விழும். ஆனால் இது ஆபீஸ் விஷயம், ஆபீசில் நீ எனக்கு ஜெனிதான். அரியாங்குப்பம் பாலம் நமக்கு எல்லைக்கோடாக இருந்தது. காலையில் ஸ்கூட்டர் பாலத்தைத் தாண்டியதும் நீ ஜெனி, நீ, வா, போ. சாயங்காலம் திரும்பிப் பாலத்தைத் தாண்டியதும் அண்ணி, நீங்க, வாங்க. என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்த சிநேகிதி என் அண்ணனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் நாக்கு இரண்டாகப் பிரிந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் செய்தி. தவளக்குப்பம் ரவுட்டரைப் போன வாரம் மாற்றிவிட்டோம். நீ கிழவி என்று கூப்பிடுவாயே, அந்த இரைச்சல் பெட்டி இப்போது சாரம் ஆபீசில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ஆளுக்கொரு லாகின் கொடுத்துவிட்டார்கள். நாம் நாலு பேரும் ஒரே பேரில் உள்ளே போன காலம் முடிந்தது. கீழே பெயிண்ட் கடைக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் வண்டியை நிறுத்தி வழியை மறைக்கிறார்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர மற்றவர்களும் படிப்பார்கள். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்கு அத்துப்படியானதையே உனக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்.

நம் வேலை என்ன என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். "ரெண்டு பேரும் காலைல போறீங்க, சாயங்காலம் வர்றீங்க, அங்க இன்னாடி பண்றீங்க?" நான் நெட்வொர்க், லேபிள் என்று உளறிக்கொண்டிருந்தேன். நீதான் புரிய வைத்தாய். "அத்தை, துறைமுகத்துல மீன் பெட்டி மேல பெயிண்ட்ல குறி போடுறாங்கல்ல? லாரிக்காரரு விலாசத்தையா படிக்கிறாரு? குறியப் பாத்து ஏத்துறாரு. எந்தக் குறி எந்த ஊருக்குன்னு ஏஜென்ட்டுங்க முன்னாடியே போன்ல பேசி வெச்சிருப்பாங்க. இங்க பெட்டிக்குப் பதிலா இன்டர்நெட் பாக்கெட்டு. ஏஜென்ட்டுக்குப் பதிலா ரவுட்டரு. அந்தப் போன் பேச்சு அறுந்துடாம பாத்துக்கறதுதான் எங்க வேலை."

"இதுக்கா காலேஜு படிச்சீங்க?" என்றாள் அம்மா.

அந்தக் குறிக்குத்தான் லேபிள் என்று பேர். பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் தங்கள் லேபிள்களைச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பேச்சுக்கு செஷன் என்று பேர். நமக்கு இரண்டு செஷன்கள் முக்கியம். சாரத்துக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவில் ஒன்று, அரியாங்குப்பத்துக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவில் ஒன்று. இரண்டாவது அறுந்தால் தெற்கே நம் வாடிக்கையாளர்கள் யாருக்கும் நெட் இல்லை. நாம் சாரத்தில் உட்கார்ந்து தவளக்குப்பம் ரவுட்டருக்குள் போகும் வழியும் அதே செஷனை நம்பித்தான் இருக்கிறது. அதாவது நம் கையாலேயே அதை அறுத்துவிட்டால், திரும்பச் சேர்க்க நம்மால் உள்ளே போக முடியாது.

அதற்காகத்தான் டைமர். தூரத்து ரவுட்டரில் கை வைக்கும் முன், 'இருபது நிமிடத்தில் தானாக அணைந்து திரும்ப எழு' என்று அதற்கு ஒரு கட்டளை போடுவோம். ஏதாவது கோளாறாகி வழி போய்விட்டால், ரவுட்டர் கடைசியாகச் சேமித்த பழைய நிலையோடு எழும், நாமும் உள்ளே போகலாம். வேலை நல்லபடியாக முடிந்தால் புதியதைச் சேமித்துவிட்டு, டைமரை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யவில்லை என்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ரவுட்டர் சொன்ன நேரத்துக்கு அணைந்துபோகும். அது சொன்ன பேச்சைக் கேட்கிற சாதி.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக.

இரண்டு வருஷம் ஆகிறது. எல்லா செஷன்களுக்கும் பாஸ்வேர்டு போட வேண்டும் என்று ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டிருந்தார். வேறு ஊர்களில் இந்த வேலையை நடுராத்திரியில் செய்வார்களாம். நம் ஊரில் அந்தக் கஷ்டம் இல்லை. மதியம் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவார்கள். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகியும் அவன் விட்டுப்போன மதியத் தூக்கம் மட்டும் போகவில்லை என்பாய். அந்தத் தூக்கத்தில்தான் நம் ஆபீஸ் எல்லா மாற்றங்களையும் செய்யும்.

நான் அப்போது புகார் போனிலிருந்து ரவுட்டர் வேலைக்கு வந்து நாலு மாதம். ஆறு மாதம் சோதனைக் காலம், நீதான் நம் மேனேஜர் சாரிடம் எனக்காகப் பேசி வாங்கித் தந்தது. கீபோர்டில் நான். பக்கத்து நாற்காலியில் நீ. தவளக்குப்பத்தில் டைமர் போட்டேன். பாஸ்வேர்டு போட்டேன், எதிர்பார்த்தபடி செஷன் விழுந்தது. பிறகு அரியாங்குப்பத்தில் அதே பாஸ்வேர்டைப் போட்டுச் சேமித்தேன். செஷன் எழுந்தது. உங்கள் அப்பா வீட்டுப் பிரெஞ்சில் நீ "வுவாலா", இதோ ஆச்சு, என்றாய். இனி தவளக்குப்பத்துக்குள் போய்ச் சேமித்து டைமரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. "ரெண்டும் பண்ணிட்டியா?" என்று கேட்டாய். நான் "ஆச்சு, ஆச்சு" என்றபடி டிபன் பாக்ஸைத் திறந்தேன். அம்மா சுறாப்புட்டு வைத்திருந்தாள்.

பண்ணவில்லை. பண்ணியதாகவே நினைத்தேன். அரியாங்குப்பத்தில் சேமித்ததை இரண்டிலும் சேமித்ததாக என் புத்தி எடுத்துக்கொண்டது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது தவளக்குப்பம் விழுந்தது. அது பாஸ்வேர்டு இல்லாத பழைய நிலையோடு எழுந்து அரியாங்குப்பத்தோடு பேசப் பார்க்க, அரியாங்குப்பம் பாஸ்வேர்டு கேட்டுக் கதவைச் சாத்தியது. நான் கரண்ட் போயிருக்கும் என்றேன். நீ ரவுட்டரில் நேரடியாகச் செருகிப் பார்க்கும் கன்சோல் கேபிளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு அந்த வெயிலில் ஸ்கூட்டரை எடுத்தாய். கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் அரியாங்குப்பம் ரவுட்டரின் பதிவில் 'பாஸ்வேர்டு இல்லாமல் வருகிறது' என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சாரத்தில் உட்கார்ந்தபடியே அந்த ரவுட்டருக்குள் போய்ப் பாஸ்வேர்டை எடுத்து இரண்டு நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். பார்க்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் தெற்கே நெட் இல்லை. அன்று மதியம் தவளக்குப்பத்தில் ஒரு தேர்வு மையத்தில் கம்ப்யூட்டரில் வேலைக்கான பரீட்சை. பாதியில் நின்றது. எழுத வந்தவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சார் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "டைமர வெச்சிட்டு எடுக்காம வுட்டது யாரு?" நாலு பேருக்கும் ஒரே லாகின். பதிவைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

"நான்தான் சார். சாப்பாட்டு நேரம், மறந்துட்டேன்" என்றாய்.

என் வாயில் கொழுக்கட்டை.

வெளியே வந்து வண்டியைத் தள்ளும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "உனக்கு ட்ரையல் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. போன தடவ பண்ண தப்பயே சார் இன்னும் மறக்கல. எனக்கு ஒண்ணும் ஆவாது, வுடுடி" என்றாய். திங்கட்கிழமை உன்னைப் புகார் போனுக்கு மாற்றினார்கள். நான் எழுந்து வந்த நாற்காலியில் நீ போய் உட்கார்ந்தாய்.

வீட்டில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணன் துறைமுகத்தில் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன், அவனுக்கு நம் வேலை எதுவும் தெரியாது. ஆனால் அவன் கூட்டாளி ஒருவனின் தங்கை அந்தப் பரீட்சைக்குப் போயிருந்தாள். "நாலு மாசமா படிச்சிட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. அழுதுகிட்டு வந்துச்சாம். நீ இன்னான்னா டிபன் பாக்ஸத் தொறந்துட்டு உக்காந்திருந்தியா?" என்று உன்னைக் கேட்டான். "ஆமா, தப்புதான்" என்றாய். நான் அப்போது அவன் தட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று நேரடியாகவே செய்தேன்.

பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சோதனைக் காலம் முடியட்டும் என்று நினைத்தேன், முடிந்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன், போனது. எல்லாரும் மறந்துவிட்டார்கள், இனி எதற்கு என்று நினைத்தேன். அந்தப் போனில் நீ யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தாயா? நான் பார்க்காததால் கேட்கிறேன். ஒரு தடவைகூட ஏன் நீ குத்திக்காட்டவில்லை?

பதினோரு மாதம் அந்த நாற்காலியில் இருந்தாய். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எழுதினால் இந்தக் கடிதம் நின்றுவிடும்.

எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றேனே, அதுவும் பொய். டைமரை எடுக்க மறப்பதற்கு ஆபீசில் ஒரு பேர் வைத்திருந்தார்கள், உன் பேர். "ஜெனி போட்டுடாத" என்பான் நம் நாலு பேரில் ஒருவனான பிரபு. அவன் கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும். நீ இருக்கும்போதே உன் எதிரிலேயே கிண்டலாக ஆரம்பித்தது, நீயும் சிரித்தாய். நீ போன பிறகு கிண்டல் போய்விட்டது, பேர் மட்டும் நின்றது. பிரபு வேலை முறையை ஒன்பது வரியாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் செய்ய வேண்டும் என்று விதி. எட்டாவது வரி, 'இரண்டிலும் சேமி.' ஒன்பதாவது, 'ஜெனி போடாதே.' ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த வரியை யாராவது சத்தமாக வாசிப்பார்கள், நான் டைமரை எடுப்பேன். ஒரு வருஷம் இப்படி.

போன வியாழக்கிழமை காலையில் பிரபு தவளக்குப்பம் போய்ப் புதிய ரவுட்டரை வைத்தான். கொஞ்சம் படுத்தியது. இரண்டு ரவுட்டரும் ஒன்றையொன்று பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்கின்றன, செஷன் மட்டும் எழவில்லை. உன் பாஷையில், எதிர்வீட்டுக்காரர் கையாட்டுவது தெரிகிறது, விலாசம் தெரியவில்லை. புதிய ரவுட்டரின் சொந்த முகவரியை மற்ற ரவுட்டர்களுக்கு அறிவிக்க மறந்திருந்தோம். அறிவித்ததும் எழுந்தது. முகவரி புதிது என்பதால் அரியாங்குப்பம் இன்னும் பாஸ்வேர்டு கேட்கவில்லை, அதை மதியம் இரண்டிலும் போட்டுக்கொள்ளலாம் என்று பிரபு கிளம்பி வந்துவிட்டான்.

ஆக, மதியம். அதே இரண்டு ஊர், அதே செஷன், அதே வேலை. கீபோர்டில் நான். பக்கத்தில் கவிதா, சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, படித்த பெண், உன்னைப் பார்த்ததில்லை. பிரபு பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கவிதா ஒவ்வொரு வரியாக வாசித்தாள், நான் செய்தேன். எட்டாவது வரி முடிந்தது. ஒன்பதாவதை வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"அக்கா, ஜெனின்னா எந்த கமாண்டு? நானும் நெட்ல தேடிப் பாத்தேன், எங்கயும் வரல."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அது கமாண்டு இல்ல. எங்க அண்ணி பேரு" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை, சுறாப்புட்டு, ஆச்சு ஆச்சு, சார் கேட்டது, நீ சொன்னது, நான் சொல்லாதது எல்லாம் வந்தது. நான் அழவில்லை. புகார் பதிவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரபு சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"இத ஏன் அப்பவே சொல்லல?" என்றான்.

"பயந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வசதியா இருந்துச்சு."

கவிதா மெதுவாக என் தோளைத் தொட்டாள். "அக்கா, டைமர்ல மூணு நிமிஷம்தான் இருக்கு."

எடுத்தேன். உண்மையைச் சொல்லுகிற நேரத்திலும் அதை மறக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சாரிடம் போய் நானே சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நல்லா வேல தெரிஞ்ச பொண்ணும்மா அது. போன்ல ஒக்கார வெச்சிட்டேனே" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிரபு அன்று சாயங்காலமே சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் எடுத்தான். புதுத் தாளில் ஒன்பதாவது வரி, 'டைமரை ரத்து செய்.' நான் ஒத்துக்கொள்ளவில்லை, என் பேரைப் போடச் சொன்னேன். "நீ இருக்கியே, சண்டைக்கு வருவ" என்றான். வரமாட்டேன், போடு என்றேன். போட்டான். இப்போது சுவரில் 'செல்வி போடாதே' என்று இருக்கிறது. நேற்று கவிதா அதைச் சத்தமாக வாசித்தாள். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கடிதத்தை அதற்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். அந்த ஒன்பதாவது வரியை வாசித்தவர்கள் எல்லாரும் இதையும் வாசிக்கட்டும்.

ஆபீஸ் சுலபம். கடைசியாக வீடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட்டு எழுந்ததும் அவனிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், ராத்திரிவரை என்னோடு பேசவில்லை. அண்ணன் ஈரக் கையோடு நின்றுகொண்டே இருந்தான்.

"எங்கிட்ட கூட சொல்லலியே அவ" என்றான்.

"சொல்லல அண்ணா."

"ஒரு வாரம் அவகிட்ட நான் மொகம் குடுத்துப் பேசல செல்வி. உனக்குத் தெரியுமா அது?"

தெரியும். ஒரே வீட்டில்தானே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பழைய தாளைக் கொண்டுவரச் சொன்னான். கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பேர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். எழுதியிருக்கிற மற்ற எட்டு வரியும் அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"உன் தப்புக்குத் தாள மாத்திட்ட. அந்த ஒரு வாரத்துக்கு நான் எதப் போயி மாத்துறது?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருந்திருக்கும், ஜெனி. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் மறந்தேன், அதைச் சரி செய்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்தேன், அதில் உங்கள் இருவருக்கும் இடையிலிருந்து ஒரு வாரத்தை எடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை.

என்னால் முடிந்ததை மட்டும் வாக்காகத் தருகிறேன். டைமரை எடுக்காமல் இனி 'ஆச்சு' என்று சொல்ல மாட்டேன், டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டேன். புதிதாக யார் சேர்ந்தாலும், நீ யார் என்று நானே சொல்வேன். மதிய வெயிலில் ஊரே தூங்கும்போது, இன்னொருத்தியின் தப்பைச் சரி செய்யக் கேபிளை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போனவள் என்று சொல்வேன். அண்ணன் கேட்ட கேள்வியை அவனோடு சேர்ந்து நானும் சுமப்பேன். அவனைத் தனியாக விட மாட்டேன், அண்ணி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் உன் செல்வி,
இந்தப் பக்கம் உங்கள் நாத்தனார்.